கேட்டு உண்போம்; கனிவாகக் கேட்போம்

  



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மிம்பரில் பேசுவதற்குச் சிறியது எனச் சிலர் எண்ணக்கூடும். தெருவோரக் கடையில் நூடுல்ஸ் உண்பதைப் பற்றியது அது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றில் வாரந்தோறும் செல்லும் ஒன்று, மார்க்கத்தின் பார்வையில் சிறியதன்று.

இஷா தொழுகையை முடித்துக்கொண்டு ஓசூரின் பாகலூர் சாலையிலோ, இராயக்கோட்டை சாலையிலோ, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய வீதிகளிலோ சற்று நடந்து பாருங்கள். நூறடிக்கு ஒரு தள்ளுவண்டி. அதில் ஓங்கி எரியும் அடுப்பு. இரும்புக் கடாயில் கரண்டி மோதும் ஓசை. வினிகரும் மிளகுத் தூளும் கலந்த நெடி. வண்டியின் முன்னால் நிற்போரில் நம் சகோதரர்கள் எத்தனை பேர், புர்கா அணிந்த நம் சகோதரிகள் எத்தனை பேர் என்பதையும் கவனியுங்கள். கேழ்வரகுக் களியும் அவரைக்காய்க் குழம்பும் உண்டு வாழ்ந்த மண் இது. நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றால் குஷ்காவோ பிரியாணியோ மணக்கும். தொழிற்சாலைகள் பெருகின. 2004ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று; 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. அசாம், ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்தும் நேபாள நாட்டிலிருந்தும் இளைஞர்கள் வேலை தேடி வந்தனர். கடாயைச் சுழற்றும் கை பெரும்பாலும் அவர்களுடையதே. கணவன் இரவுப் பணியிலும் மனைவி பகல் பணியிலும் இருக்கும் வீட்டில் ‘இன்றைக்குப் பார்சல் வாங்கிக்கொள்ளலாம்’ என்பது சோம்பலன்று. பல நேரங்களில் அதுவே வழி. ஆகவே ‘வெளியில் உண்ணாதீர்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு இறங்கிச் செல்ல நான் விரும்பவில்லை.

இக்கடைகளைக் குறித்து நம்மிடையே இரு வேறு போக்குகள் நிலவுகின்றன. ஒரு சாரார், ‘கோழி கோழிதானே, பன்றியா தின்கிறோம்?’ என்று கூறி எங்கும் அமர்ந்து உண்கின்றனர். மற்றொரு சாரார், ‘சைனீஸ் என்றாலே ஹராம், பாம்பும் தவளையும் தின்கிறவர்களின் உணவு’ என்று ஒதுக்குகின்றனர். இரண்டாமவரின் கூற்றை முதலில் பார்த்துவிடுவோம். அது விரைவில் தீர்ந்துவிடும்.

சீன நாட்டின் வடமேற்கே கான்சு மாகாணத்தில் லான்ஜோ என்றொரு நகரம் உண்டு. அங்கே மாவைக் கையால் இழுத்து இழுத்து நூலாக்கி, மாட்டிறைச்சிச் சாற்றில் இட்டுத் தரும் நூடுல்ஸ் உலகப் புகழ் பெற்றது. அதனை இன்றைய வடிவில் 1915ஆம் ஆண்டு கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவர் மா பாவ்சி என்பவர் எனக் கூறப்படுகிறது. அவர் ஹுய் இனத்தைச் சேர்ந்த முஸ்லிம். அச்சமூகத்தார் தம் உணவகங்களில் ‘சிங்ஜென்’ என்று எழுதி வைப்பர். தூய்மை, உண்மை என்னும் இரு பொருள்கள் கூடிய சொல் அது. ஹலால் என்பதற்கு அவர்கள் வழங்கும் அடையாளம். ‘சீன தேசம் சென்றேனும் கல்வி தேடுக’ என்ற கருத்துள்ள செய்தியை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். ஹதீஸ் கலை அறிஞர்கள் அதன் அறிவிப்புத் தொடரை ஏற்கவில்லை என்பது வேறு செய்தி. ஆனால் அந்நாட்டு முஸ்லிம்கள் நூடுல்ஸைத் தூய்மையாகச் சமைத்து உண்கிறார்கள் என்ற சிறு தகவல்கூட நமக்கு எட்டவில்லையே!

அதுமட்டுமன்று. நம் ஊர் வண்டியில் கிடைப்பது சீன உணவும் அன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் கல்கத்தாவுக்கு வந்து குடியேறிய சீனர்களின் அடுப்பில் பிறந்த உணவு அது. அவர்களுள் ஹக்கா இனத்தார் அந்நகரின் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டு வந்தனர். நம் ஆம்பூர், வாணியம்பாடி மக்கள் செய்த அதே தொழில்தான். ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்ற பெயர் அவர்களால் வந்தது. மஞ்சூரியன் என்பதோ, கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்ற சமையற்கலைஞர் 1975இல் மும்பையில் உருவாக்கியதாகக் கூறப்படுவது. எனவே பெயரைக் கொண்டு ஒன்றை ஹராம் என்பது மார்க்கம் ஆகாது. அல்லாஹ் தடுக்காத ஒன்றைத் தடுப்பதும் அவன் மீது இட்டுக்கட்டுவதே என அருள்மறை எச்சரிப்பதை (16:116) நாம் மறந்துவிடலாகாது.

முதல் சாராரிடம்தான் நான் நீண்ட நேரம் பேச வேண்டியுள்ளது. ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் அச்சாராரே.

சகோதரர்களே! ஜும்ஆ நாளில் நாம் ஓதும் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் குகைவாசிகளின் வரலாறு வருகிறது. நெடுங்காலம் உறங்கி எழுந்த அந்த இளைஞர்கள் பசித்தபோது என்ன செய்தனர்? தங்களுள் ஒருவரை வெள்ளிக் காசுடன் நகருக்கு அனுப்பினர். அப்போது அவரிடம் அவர்கள் கூறியதை 19ஆம் வசனம் தெரிவிக்கிறது. எவருடைய உணவு மிகத் தூய்மையானது என்று அவர் பார்க்க வேண்டும். நடந்துகொள்வதில் கனிவையும் நயத்தையும் பேண வேண்டும். இவையே அவர்கள் சொல்லியனுப்பியவை. ‘எது சுவையானது, எது மலிவானது எனப் பார்’ என்று அவர்கள் கூறவில்லை. உறங்கி எழுந்த பசியிலும் தூய்மையையே கேட்டனர். கனிவு என்பதைக் குறிக்கும் ‘வல்யதலத்தஃப்’ என்ற சொல், நம் நாட்டில் அச்சாகும் முஸ்ஹஃபுகள் பலவற்றில் தனித்துப் பெரிய எழுத்தில் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். குர்ஆனின் நடுப்பகுதி அது என்பதற்கான அடையாளம். அங்கே அக்கனிவு, பகைவரிடம் சிக்காமல் இருப்பதற்காகக் கூறப்பட்டது என்பதை விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். ஆயினும் உணவு வாங்கச் செல்பவருக்குத் தூய்மையைப் பார்க்கும் கண்ணும் கனிவான நாவும் ஒருசேர வேண்டும் என்ற பாடத்தை நாம் அதிலிருந்து பெறலாம். நம்மில் தூய்மையைப் பார்ப்பவருக்குக் கனிவு இல்லை. கனிவானவருக்குப் பார்க்கும் வழக்கம் இல்லை.

எதைப் பார்ப்பது? முதலாவது இறைச்சி. சில்லி சிக்கனும் சிக்கன் நூடுல்ஸும் ஹலாலாக வேண்டுமெனில் அக்கோழி இறைவனின் பெயர் கூறி, முறைப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும். இது அல்அன்ஆம் அத்தியாயத்தில் (6:121) தெளிவாக உள்ள சட்டம். கடையின் கண்ணாடியில் ‘ஹலால்’ என்ற பச்சை எழுத்து இருக்கிறதே என்பீர்கள். எங்கள் மஹல்லாவை அடுத்து மாற்றுமதச் சகோதரர் ஒருவர் நடத்தும் கடையில் அவ்வெழுத்தைக் கண்டு, ‘கோழி எங்கிருந்து வருகிறது?’ என்று நான் விசாரித்தேன். அவர் ஒளிவுமறைவின்றிக் கூறினார்: “பாய், எந்தக் கடையில் விலை குறைவோ அன்றைக்கு அங்கே வாங்குவேன். சில நாள் உங்க ஆளுங்க கடை. சில நாள் பெங்களூரு பக்கமிருந்து பெட்டியில் வெட்டி வரும் கறி. அந்த எழுத்து, பெயர்ப்பலகை செய்தவரே சேர்த்து ஒட்டிக் கொடுத்தது.” பிறகு அவர் கூறியதுதான் என்னை வருத்தியது: “நாலு வருஷமா கடை வச்சிருக்கேன். தினமும் உங்க ஆளுங்க முப்பது நாற்பது பேர் சாப்பிடுறாங்க. இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கதான்.”

நான்கு ஆண்டுகள்! அவர் நம்மை ஏமாற்றவில்லை. நாம் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

‘மாற்றுமதத்தவர் சொல்லை எப்படி நம்புவது?’ என்று சிலர் வினவுகின்றனர். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் ‘ஹிதாயா’ நூலில் இதனைத் தீர்த்து வைத்துள்ளார்கள். நெருப்பு வணங்கியான ஒரு பணியாளை இறைச்சி வாங்கி வர அனுப்பி, அவன் ‘இதனை முஸ்லிமிடம் வாங்கினேன்’ என்று கூறினால் அதனை ஏற்று உண்ணலாம் என்பது அங்குள்ள சட்டத்தின் கருத்து. கொடுக்கல் வாங்கலில் அவர் சொல் ஏற்கத்தக்கது. ஆக, எந்தக் கோழிக்கடை என்று ஒரு கேள்வி கேட்டு, நம்பத்தக்க விடை கிடைத்தால் போதும். அந்தக் கேள்வியைக்கூடக் கேட்காமல் உண்பதற்கு நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரீ நபிமொழியைச் சிலர் எடுத்துக்காட்டுவர். சிலர் கொண்டுவரும் இறைச்சியில் இறைவனின் பெயர் கூறப்பட்டதா எனத் தெரியவில்லை என்று முறையிட்டபோது, நீங்கள் பெயர் கூறி உண்ணுங்கள் என்ற பொருள்பட நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். உண்மைதான். ஆனால் அந்த இறைச்சியைக் கொண்டுவந்தோர் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள் என்று அந்த அறிவிப்பிலேயே உள்ளது. முஸ்லிம் கொண்டுவருவதில் தேவையற்ற ஐயம் கொள்ளாதே என்பதற்கு அது ஆதாரம். எவர் அறுத்தது என்றே தெரியாத பெட்டிக் கறிக்கு அது ஆதாரமாகாது.

இரண்டாவது, கடாய். அண்மைக் காலமாக மோமோ விற்கும் சிறு கடைகள் பெருகியுள்ளன. சில கடைகளில் கோழி மோமோவுடன் பன்றி இறைச்சி மோமோவும் உண்டு. அது அவர்கள் உணவு. அவர்களுக்கு அதனை விற்க உரிமை உண்டு. அதற்காக முகம் சுளிக்க நமக்கு உரிமையில்லை. நம் கவலை வேறு. ஆவியில் வேகும் அடுக்குப் பாத்திரம் ஒன்றே. கீழடுக்கில் எது, மேலடுக்கில் எது? பொரிக்கும் எண்ணெய் ஒன்றே. அவ்வாறிருக்க, ‘நான் வெஜ் மோமோதான் வாங்கினேன்’ என்பது தப்பும் வழியாகாது. அபூ ஸஃலபா (ரலி) என்னும் நபித்தோழர், வேதக்காரர்கள் பன்றி சமைக்கும் பாத்திரங்களைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் வினவினார்கள். வேறு பாத்திரம் கிடைத்தால் அதைப் பயன்படுத்துமாறும், கிடைக்காவிடில் கழுவிவிட்டுப் பயன்படுத்துமாறும் அன்னார் வழிகாட்டினார்கள். கழுவும் முறையில் ஹனஃபீ மத்ஹபில் அசுத்தம் நீங்கக் கழுவினால் போதும். ஷாஃபியீ மத்ஹபில் ஏழு முறை, அவற்றில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். இரவு எட்டு மணிக் கூட்டத்தில், ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே கடாயைத் துணியால் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடும் கடையில் இவ்விரண்டில் எதுவும் நடவாது. பன்றி இறைச்சி சமைக்கப்படும் அடுப்பாயின் அக்கடையைத் தவிர்த்துவிடுங்கள். வேறு கடைகளுக்கா ஊரில் பஞ்சம்?

மூன்றாவது, சீசாக்கள். இதைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். உண்மையில் இங்கே அச்சத்திற்கு இடம் குறைவு. வினிகர், நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்த குழம்பு வகை. மலிவாக விற்கும் செயற்கை வினிகர் அசிட்டிக் அமிலத்தில் நீர் கலந்தது. சீசாவிலேயே அது எழுதப்பட்டிருக்கும். சோயா சாஸ் புளிக்கவைத்துச் செய்யப்படுகையில் சிறிதளவு ஆல்கஹால் தானே உண்டாவதுண்டு. போதை தராத அந்த அளவை இக்கால மார்க்க அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். சமையலுக்கென்றே விற்கும் அரிசி மது வேறு. அது மதுவேதான், பெரிய உணவகங்களில் அதைச் சேர்க்கிறார்களா எனக் கேட்டறிய வேண்டும். உணவுப் பொட்டலத்தில் உள்ள பச்சைப் புள்ளி, இறைச்சி இல்லை என்பதைத்தான் சொல்லும். மது இல்லை என்று சொல்லாது. இறாலிலும் சிப்பி சாஸிலும் நமக்குள்ளேயே வேறுபாடு உண்டு. ஷாஃபியீ சகோதரர்களுக்குத் தடையில்லை. ஹனஃபீகளுக்கு மீன் தவிர்ந்த கடல் உயிரினங்கள் ஆகுமானவை அல்ல. இறால் மீனா இல்லையா என்பதில் அறிஞர்களின் கருத்து இரண்டாக உள்ளது. கீழக்கரையிலிருந்து வேலைக்கு வந்தவரும் கிருஷ்ணகிரி உருதுக்காரரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் உண்ண மற்றவர் தவிர்த்தால் அதில் சண்டைக்கு எதுவுமில்லை.

அஜினோமோட்டோவைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். 1908இல் ஜப்பானிய அறிஞர் இக்கேடா கடற்பாசியிலிருந்து கண்டறிந்த சுவையூட்டி அது. இன்று கரும்புச் சர்க்கரைப் பாகு முதலியவற்றை நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கச் செய்து தயாரிக்கின்றனர். 2001ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தோனேசியாவில் இது பெரும் புயலைக் கிளப்பிற்று. அந்நுண்ணுயிர்களுக்கு உணவாக இடப்பட்ட பொருளைத் தயாரிக்கையில் பன்றியிலிருந்து பெற்ற நொதி பயன்படுத்தப்பட்டது தெரியவர, அந்நாட்டு உலமா சபை அதனை ஹராம் என அறிவித்தது. கடைகளிலிருந்து சரக்கு திரும்பப் பெறப்பட்டது. அன்றைய அதிபர் அப்துர் ரஹ்மான் வாஹித் அவர்களும் ஓர் ஆலிமே; இறுதிப் பொருளில் பன்றியின் கூறு இல்லை என்பதால் அது ஆகுமானதே என்றார். நிறுவனம் அந்த இடுபொருளை மாற்றிய பின் மீண்டும் ஹலால் சான்று வழங்கப்பட்டது. கேட்கும் சமூகம் ஒன்று இருந்ததால் ஒரு பெரிய நிறுவனம் தன் செய்முறையையே மாற்றியது என்பதற்காகவே இதனைக் கூறினேன். மற்றபடி, ‘அஜினோமோட்டோ நஞ்சு’ என்று மிம்பரில் நின்று கூற என்னிடம் ஆதாரம் இல்லை. தலைவலி வரும் என்ற பேச்சு 1968இல் ஓர் அமெரிக்க மருத்துவ ஏட்டுக்கு எழுதப்பட்ட கடிதத்திலிருந்து பரவியது. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதி செய்யவில்லை.

ஆனால் நிறத்தைப் பற்றி ஆதாரம் உண்டு. அருள்மறை ஹலாலை மட்டும் கூறி நிறுத்தவில்லை. தய்யிப், அதாவது நல்லது என்ற நிபந்தனையையும் அதனுடன் இணைத்தே கூறுகிறது (2:168). 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமிகள் சேர்ப்பதைத் தடை செய்தது. சோதித்த 171 மாதிரிகளில் 107இல் அத்தகைய நிறமிகள் இருந்ததாக அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் கோழி, மீன் கபாப்களுக்கும் தடை வந்தது. அதற்குமுன் பிப்ரவரியில் நம் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்ததே, அதற்குக் காரணமான ரோடமின்-பி என்பது துணிக்குப் போடும் சாயம்! கர்நாடகத்தின் ஆணை அத்திப்பள்ளியோடு நின்றுவிடும். ஜூஜூவாடியைக் கடந்து ஓசூருக்குள் வராது. நிறப்பொடிப் பொட்டலம் அதே சாலையில் தடையின்றி வந்துவிடும். செக்கச்சிவந்த மஞ்சூரியனைக் கேட்டு அழும் குழந்தைக்கு வாங்கிக் கொடுப்பது அன்பாகுமா? ‘கலர் போடாமல் கொடுங்கள்’ என்று கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் தருகிறார்கள். நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். விரல் சிவக்காமல் உண்ணும் பிள்ளைக்குச் சுவையில் குறையொன்றும் தெரிவதில்லை. இதைத் தாய்மார்கள் கேட்டால் இன்னும் விரைவில் நடக்கும். கடைக்காரர்கள் அவர்களுக்குத்தான் அஞ்சுகிறார்கள்.

இனி, கேட்கும் முறை. சில மாதங்களுக்கு முன், தொப்பியும் தாடியுமாக ஒருவர் வண்டியின் முன் நின்று, கடாய் பிடித்திருந்த நேபாள இளைஞனைப் பார்த்து, ‘டேய், இதில் பன்றியைப் போடுகிறாயா?’ என்று எல்லோர் முன்னிலையிலும் உரக்கக் கேட்டார். தமிழ் சரியாகத் தெரியாத அப்பிள்ளை திகைத்து நின்றான். அக்கடையில் ஒருபோதும் பன்றி இறைச்சி சமைத்ததில்லை. இது பேணுதலா? நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று நபித்தோழர்கள் அறிவிக்கின்றனர். உணவையே இழித்துரைக்காத நபியின் உம்மத், சமைப்பவனை இழித்துரைக்கலாமா? வீட்டை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, இரவு பன்னிரண்டு மணி வரை நெருப்பின் முன் நிற்கும் பிள்ளை அவன். கூட்டமில்லாத மாலை வேளையில் செல்லுங்கள். ஸலாம் சொல்ல இயலாவிட்டாலும் நலம் விசாரியுங்கள். பிறகு, ‘கோழி எந்தக் கடையில் வாங்குகிறீர்கள், தம்பி?’ என்று கேளுங்கள்.

ஒருமுறை விசாரித்துத் தெளிந்த பின் ஒவ்வொரு முறையும் துருவுவதும் வேண்டாம். உமர் (ரலி) அவர்களும் அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்களும் பயணத்தில் ஒரு நீர்த்தொட்டியை அடைந்தனர். இதில் வனவிலங்குகள் வந்து நீர் அருந்துமா என்று அம்ர் (ரலி) தொட்டியின் உரிமையாளரிடம் கேட்டபோது, எங்களுக்கு அதைச் சொல்ல வேண்டாம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் தடுத்துவிட்டார்கள் என்று ‘முவத்தா’வில் பதிவாகியுள்ளது. ஐயத்திற்கு வலுவான காரணம் இருக்குமிடத்தில் கேட்பது பேணுதல். காரணமே இல்லாத இடத்தில் துருவுவது வஸ்வாஸ்.

சென்ற ஆண்டு தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். “ஹஜ்ரத், என் பிரிவில் ஆறு பேர். சம்பள நாளன்று எல்லோரும் சேர்ந்து நூடுல்ஸ் கடைக்குப் போவோம். இரண்டு பேர் அசாம், ஒருவர் ஒடிசா. அந்தக் கடையில் எல்லாக் கறியும் உண்டு. நான் போகாவிட்டால் அவர்களை இளக்காரமாக நினைக்கிறேன் என்று எண்ணுவார்கள். போனால் வெறும் தட்டோடு உட்கார வேண்டும்” என்றார். நட்பைக் காக்க மார்க்கத்தை விடுவதா, மார்க்கத்தைக் காக்க நட்பை விடுவதா என்பது அவர் கவலை. இரண்டையும் விட வேண்டியதில்லை என்றேன். கோழியும் முட்டையும் மட்டும் சமைக்கும் கடை ஒன்றை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். அடுத்த சம்பள நாளில் அவர்களை நீங்கள் அழைத்துச் செல்லுங்கள். பணத்தையும் நீங்களே கொடுங்கள். ஏன் இந்தக் கடை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். அவ்வாறே செய்தார். இப்போது அந்த ஆறு பேரும் மாதந்தோறும் அக்கடைக்கே செல்கின்றனர். பணத்தை முறைவைத்துக் கொடுக்கின்றனர். அண்மையில் கோழிக்கடைகள் அடைத்திருந்த ஒரு நாளில், இவர் வாய் திறக்குமுன் அசாம் நண்பரே சமையற்காரரை அழைத்து, ‘இன்றைக்குக் கோழி எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டாராம். விடை தெளிவாக இல்லாததால் அன்று அறுவருமே முட்டை நூடுல்ஸ் உண்டு திரும்பியிருக்கின்றனர்.